ஒரே கூட்டத்தோடு முடிவெடுக்காதீர்கள்: குடிமீட்பு ஆதரவுக் குழுக்களைத் தேடுவதும் தொடர்வதும்

குடியை விட நினைப்பவரிடம் மருத்துவரோ நண்பரோ "ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள்" என்று சொல்லும்போது, அந்த ஒரு வரி எத்தனை கேள்விகளைக் கிளப்புகிறது என்பது சொல்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. எந்தக் கூட்டம், யார் நடத்துகிறார்கள், உள்ளே போனதும் எழுந்து நின்று பேசச் சொல்வார்களா, தெரிந்த முகம் ஏதாவது அங்கே இருந்துவிட்டால் என்ன செய்வது, கடவுள் நம்பிக்கை இல்லாதவர் போகலாமா, நேற்றிரவு குடித்தவர் இன்று போகலாமா என்று ஒன்றன்பின் ஒன்றாக ஐயங்கள் எழுகின்றன. இவற்றுக்கு விடை கிடைக்காமல், முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பிவிடுபவர்கள் உண்டு. துணிந்து உள்ளே போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, "இது எனக்கு ஒத்துவராது" என்று முடிவுகட்டி, அதன் பிறகு அந்தப் பக்கமே போகாதவர்களும் உண்டு. என் கவலை இந்த இரண்டாம் வகையினரைப் பற்றியே அதிகம். ஏனென்றால், அவர்கள் எடைபோட்டது ஒரு குழுவின் ஒரு நாள் மாலையை மட்டுமே. அவர்கள் கைவிட்டதோ வழி முழுவதையும்.

ஆதரவுக் குழு என்பது ஒரே தரத்தில் தயாராகும் மாத்திரை அன்று. ஒரே பெயரில், ஒரே நூலை வைத்துக்கொண்டு, ஒரே நகரத்தில் நடக்கும் இரண்டு கூட்டங்கள் முற்றிலும் வேறுபட்ட இயல்பு கொண்டவையாக இருக்கலாம். ஒன்றில் பெரும்பாலும் வயதானவர்கள் அமைதியாகப் பேசுவார்கள். மற்றொன்றில் இளைஞர்கள் நிறைந்து சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். ஒன்றில் பிரார்த்தனை நீளும். மற்றொன்றில் அது சில நொடிகளில் முடிந்துவிடும். எனவே தேடுவது என்பது ஒரு முகவரியைக் கண்டுபிடிப்பதோடு முடிந்துபோகும் வேலை அன்று. சில வாரங்களுக்கு நீடித்து, பல அறைகளுக்குள் போய் வந்து, தமக்குப் பொருந்தும் மனிதர்களைக் கண்டடைவது வரை அது நீள்கிறது.

கூட்டத்தைத் தேடத் தொடங்கும் முன் உடலைப் பற்றிய ஓர் எச்சரிக்கை அவசியம். நெடுங்காலமாக நாள்தோறும் அதிக அளவில் குடித்துவந்த ஒருவர், கூட்டத்துக்குப் போவதற்கு ஆயத்தமாகத் தாமாகவே ஒரே நாளில் குடியை முற்றாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மதுவின் மந்தப்படுத்தும் விளைவுக்கு ஈடுகொடுக்கும் வகையில் மூளை தன் இயக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கும். மது திடீரென நின்றுபோகும்போது அந்த ஈடு மட்டும் மிஞ்சி, நரம்பு மண்டலம் அளவுமீறிக் கிளர்ச்சியடைகிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கலாம். வலிப்பு வருமானால் அது பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வருகிறது. அதன் பிறகு, பொதுவாக இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான காலத்தில், சிலருக்குக் கடும் மனக்குழப்பமும் இல்லாதவற்றைக் காண்பதும் காய்ச்சலும் சேர்ந்த 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்னும் நிலை ஏற்படுகிறது. சிகிச்சை கிடைக்காவிட்டால் அது உயிரைப் பறிக்கக்கூடியது. முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்களும், காலையில் எழுந்ததும் நடுக்கம் அடங்கக் குடிக்க வேண்டியிருப்பவர்களும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தின் துணையோடு இந்த நாள்களைக் கடத்திவிட முடியும். கூட்டத்தில் இருப்பவர்கள் எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும் இந்த வேலையை அவர்களால் செய்ய முடியாது.

அப்படியானால் அவர்களால் செய்ய முடிவது என்ன? இதற்கு விடை, இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏ.ஏ.) என்ற அமைப்பின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1935 மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த பங்குச் சந்தைத் தரகர் பில் வில்சன், ஓஹியோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்கு ஒரு தொழில் முயற்சிக்காக வந்து தோல்வியடைந்திருந்தார். குடியை நிறுத்தி ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. தங்கியிருந்த விடுதியின் முன்கூடத்தில் நின்றபோது மதுக்கூடத்தின் ஓசை அவரை இழுத்தது. அந்த மாதங்களில் மற்றக் குடிநோயாளிகளிடம் பேசி அவர்களைத் திருத்த அவர் முயன்றிருந்தார். அவர்களில் யாரும் திருந்தவில்லை, ஆனால் அவர் மட்டும் குடிக்காமல் இருந்தார். இன்று குடிக்காமல் இருக்க வேண்டுமானால் தமக்கு இன்னொரு குடிநோயாளி தேவை என்பது அந்தக் கூடத்தில்தான் அவருக்கு உறைத்தது. அங்கிருந்த பட்டியலைப் பார்த்துத் தேவாலயங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். அந்த முயற்சி அவரை டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் கொண்டுசேர்த்தது. பதினைந்து நிமிடங்களுக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லி வந்த ஸ்மித், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை சறுக்கிய பிறகு அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் குறிக்கப்படும் 1935 ஜூன் 10, அமைப்பு பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வில்சன் ஸ்மித்தைக் காப்பாற்றப் போகவில்லை. தம்மைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார். ஸ்மித் ஒரு மருத்துவர். குடியின் தீமையைப் பற்றி அவருக்கு அறிவுரை சொல்ல எவரும் தேவைப்படவில்லை. ஆனால், தம்மைப் போலவே விழுந்து எழுந்த ஒருவர், ஸ்மித்தின் உதவி தமக்குத் தேவைப்படுகிறது என்ற தோரணையில் முன்னே வந்து அமர்ந்தது அவருக்குப் புதிது. இன்றைக்கும் ஒரு கூட்டத்துக்குள் நுழையும் புதியவர் பெறுவது இதுதான். அங்கே நிபுணர் ஒருவரும் இல்லை; மேடையும் இல்லை. பத்தாண்டுகளாகக் குடிக்காமல் இருப்பவர் நேற்று வந்தவரிடம் பேசுவது கருணையினால் மட்டும் அன்று. நேற்று வந்தவரின் முகத்தில் தெரியும் அந்தத் தவிப்பு, தாம் எங்கிருந்து வந்தோம் என்பதை அவருக்கு நினைவூட்டுகிறது. "நான் ஒரு சுமையாகப் போய் உட்காரப் போகிறேன்" என்று அஞ்சுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதித் தயக்கம் குறையும்.

இதற்கு முன்பும் இப்படிப்பட்ட முயற்சிகள் நடந்தன. 1840இல் பால்டிமோர் நகரத்தில் ஆறு குடிகாரர்கள் தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கம் சில ஆண்டுகளில் பல்லாயிரம் பேரைத் திரட்டியது. மதுவிலக்கு அரசியலிலும் உட்பூசல்களிலும் சிக்கி அதே வேகத்தில் கரைந்தது. 1946இல் வெளியிடப்பட்டு 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்ட ஏ.ஏ.யின் பன்னிரண்டு மரபுகள், அமைப்பை இத்தகைய ஆபத்திலிருந்து காக்கின்றன: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குப் போதுமான தகுதி; வெளியாரிடமிருந்து நன்கொடை பெறுவதில்லை; மதுவிலக்கு உட்பட எந்த வெளி விவகாரத்திலும் அமைப்பு கருத்துச் சொல்வதில்லை; ஊடகங்களில் உறுப்பினரின் பெயர் வெளிவரக்கூடாது. புதியவருக்கு இவை வெறும் விதிகளாகத் தோன்றலாம். ஆனால், கூட்டத்தில் யாரும் அவரிடம் பணம் கேட்க மாட்டார்கள், கட்சிக்கோ மதத்துக்கோ அழைக்க மாட்டார்கள் என்று நம்புவதற்கான அடிப்படை இந்த மரபுகளில்தான் இருக்கிறது.

ஏ.ஏ. மட்டுமே வழி அன்று என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குடியிலிருந்து மீள அது வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. 'நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்று அந்தச் சொல்லுக்கு விரிவு கொடுத்திருந்தாலும், பலருக்கு அது தடையாகவே இருக்கிறது. ஏ.ஏ.க்குள்ளேயே கடவுள் நம்பிக்கையற்றவர்களுக்கான கூட்டங்கள் பல நாடுகளில் நடக்கின்றன. வேறு அடித்தளத்தை விரும்புபவர்களுக்கு ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பு இருக்கிறது. 1994 முதல் இந்தப் பெயரில் இயங்கும் அது, சிந்தனையும் நடத்தையும் எப்படி ஒன்றையொன்று இயக்குகின்றன என்ற உளவியல் முறைகளை அடிப்படையாகக் கொண்டது. குடிக்க வேண்டும் என்ற உந்துதலைச் சமாளிப்பது, விட வேண்டும் என்ற ஊக்கத்தைக் கட்டியெழுப்புவது முதலியவற்றுக்கான பயிற்சிகள் அதில் உண்டு. அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார்; உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்கலாம்; தம்மைக் 'குடிநோயாளி' என்று யாரும் அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. லைஃப்ரிங் என்ற அமைப்பும் மதச்சார்பற்றது. ரிகவரி தர்மா பௌத்தத் தியான மரபைப் பின்பற்றுகிறது. பெண்களுக்காகவே ஜீன் கிர்க்பாட்ரிக் 1970களில் தொடங்கிய விமன் ஃபார் சொப்ரைட்டி, தன்னடக்கத்தைவிடத் தன்மதிப்பை மீட்பதே பெண்களுக்கு முதல் தேவை என்ற பார்வையில் அமைந்தது. எண்ணிக்கையிலும் பரவலிலும் ஏ.ஏ.வுக்கு அருகில் இவற்றில் எதுவும் இல்லை என்பதால், பல இடங்களில் நேரில் போகக்கூடியதாக ஏ.ஏ. மட்டுமே இருக்கும், ஆனால் மற்றவற்றின் கூட்டங்களில் இணையவழியில் கலந்துகொள்ளலாம். இரண்டு அமைப்புகளின் கூட்டங்களுக்கு ஒரே சமயத்தில் போவதற்கும் எந்தத் தடையும் இல்லை.

இனி, தேடும் வேலை. பொதுவான தேடுபொறியில் தேடுபவருக்கு முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் கட்டணம் வாங்கும் சிகிச்சை மையங்களின் விளம்பரங்களே. சிகிச்சை மையங்கள் தேவைப்படுபவர்கள் உண்டு; ஆனால் அவை வேறு, ஆதரவுக் குழுக்கள் வேறு. உதவி எண் என்று காட்டப்படும் இடத்தில் அழைத்தவுடன் காப்பீடு இருக்கிறதா, வருமானம் என்ன என்று கேட்கத் தொடங்கினால் அது குழு அன்று, வணிகம். எனவே ஒவ்வொரு அமைப்பின் சொந்த இணையதளத்திலிருந்து தொடங்குவதே பாதுகாப்பானது. ஏ.ஏ.யின் பல நாட்டு, நகரக் கிளைகள் தங்கள் பகுதியின் கூட்ட அட்டவணையை வெளியிடுகின்றன. பல இடங்களில் உறுப்பினர்களே முறைவைத்துத் தொலைபேசியில் பதில் சொல்கிறார்கள். அந்த அழைப்பை நான் மிகவும் மதிப்பேன். அட்டவணையில் கிடைக்காத தகவல்கள் அதில் கிடைக்கும்: அந்தக் கட்டடத்தின் எந்த வாசல் வழியாக உள்ளே போக வேண்டும், புதியவர்கள் அதிகம் வரும் நாள் எது, பெண்கள் வருகிறார்களா, எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தனியாக வர அச்சமாக இருக்கிறது என்று சொன்னால், வாசலில் வந்து நின்று அழைத்துப்போக ஒருவர் பெரும்பாலும் முன்வருவார்.

அட்டவணைகள் பழையதாகிவிடுவது பொதுவான சிக்கல். ஒரு கூட்டம் நின்றுபோய்ப் பல மாதங்கள் ஆகியும் பட்டியலில் அதன் பெயர் இருக்கலாம். பூட்டிய கதவின் முன்னே நிற்க நேர்வது, ஏற்கெனவே தயங்கித் தயங்கி வந்தவருக்குப் பெரிய அடி. அதை ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்க் குடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே முதல்முறை போகும்போது முன்னதாக உறுதிசெய்துகொள்வதும், அதே நாளில் அல்லது மறுநாளில் நடக்கும் இன்னொரு கூட்டத்தின் முகவரியைக் கையில் வைத்திருப்பதும் நல்லது. கூட்டம் நடக்கும் இடம் தேவாலயமாகவோ பள்ளிக்கூடமாகவோ மருத்துவமனையாகவோ இருந்தால், குழு அதைச் சார்ந்தது என்று பொருளில்லை; பெரும்பாலும் குறைந்த வாடகைக்கு அறை கிடைத்த இடம் அது, அவ்வளவே.

அட்டவணையில் காணப்படும் ஒரு வேறுபாட்டை மட்டும் முன்பே புரிந்துகொள்வது அவசியம். திறந்த கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம்: குடும்பத்தினர், நண்பர்கள், மாணவர்கள், தமக்குப் பிரச்சினை இருக்கிறதா என்று இன்னும் முடிவுசெய்யாதவர்கள். மூடிய கூட்டமோ குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும் உரியது. 'மூடிய' என்ற சொல்லைப் பார்த்து, உறுப்பினராகப் பதிவுசெய்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு. நிறுத்த வேண்டும் என்ற விருப்பத்தோடு முதன்முறையாக வருபவரும் மூடிய கூட்டத்தில் உட்காரலாம். அவரிடம் சான்று எதுவும் கேட்கப்படாது. இவை தவிர, ஒருவர் தம் கதையை முழுவதுமாகச் சொல்லும் கூட்டங்கள், நூலை வாசித்துப் பேசும் கூட்டங்கள், புதியவர்களுக்கான கூட்டங்கள், பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் எனப் பலவகை உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்குப் புதியவர் கூட்டமோ, ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் திறந்த கூட்டமோ எளிதானது; பேச வேண்டிய நெருக்கடி அங்கே மிகக் குறைவு.

முதல் கூட்டத்தில் நடப்பவை பெரும்பாலும் இவைதான். பத்து நிமிடம் முன்னதாகப் போனால் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும் ஒருவர் வணக்கம் சொல்வார். புதியவரா என்று கேட்டால் ஆம் என்று சொல்லிவிடுவது நல்லது. அதன் பிறகு யாரும் உங்களைத் தனியாக விட மாட்டார்கள். நேரம் தவறிப் போனாலும் கதவு திறந்தே இருக்கும். கூட்டம் பொதுவாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். அன்று நடத்துபவர் சில பத்திகளை வாசிக்கச் செய்வார். ஒவ்வொருவரும் முதற்பெயரை மட்டும் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்வார்கள், ஏ.ஏ. கூட்டங்களில் அந்தப் பெயரோடு "நான் ஒரு குடிநோயாளி" என்று சேர்ப்பது வழக்கம். முதல்முறை வருபவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "என் பெயர் இது, இன்று கேட்க வந்திருக்கிறேன்" என்பது முழுமையான அறிமுகம். பேசும் முறை தம்மிடம் வரும்போது கடந்துபோகச் சொல்வதும் முற்றிலும் ஏற்கத்தக்கது; பல மாதங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள்.

பழக்கமில்லாதவர்களுக்கு வியப்பூட்டுவது, ஒருவர் பேசி முடித்ததும் யாரும் பதில் சொல்லாமல் இருப்பது. உள்ளத்தை உலுக்கும் ஒன்றை ஒருவர் சொல்வார். அறை "நன்றி" என்று மட்டும் சொல்லும். அடுத்தவர் தம்மைப் பற்றிப் பேசத் தொடங்குவார். முதலில் இது அலட்சியம் போலத் தோன்றக்கூடும். உண்மையில் இது நன்கு சிந்தித்து வகுக்கப்பட்ட ஒழுங்கு. குடிப்பவர்கள் வாழ்நாளில் கேட்காத அறிவுரை இல்லை. வீட்டிலும் அலுவலகத்திலும் அவர்கள் வாயைத் திறந்தால் குறுக்கே ஒரு தீர்ப்பு வந்து விழும். யாரும் குறுக்கிடாமல், திருத்தாமல், ஆறுதல் கூடச் சொல்லாமல் முழுவதுமாகக் கேட்கப்படுவது அவர்களில் பலருக்கு நெடுநாளைக்குப் பிறகு கிடைக்கும் அனுபவம். தனிப்பட்ட பேச்சுக்கும் உதவிக்கும் உரிய நேரம் கூட்டம் முடிந்த பிறகு வருகிறது. அதனால்தான் கூட்டம் முடிந்தவுடன் ஓடிவிடாமல் கால்மணி நேரம் நிற்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். தொலைபேசி எண்கள் கைமாறுவது அந்தக் கால்மணி நேரத்தில்தான். இரவு பதினொரு மணிக்குக் கை நடுங்கும்போது அழைப்பதற்கு ஒரு மனிதர் கிடைப்பதும் அப்போதுதான்.

நடுவில் ஒரு பை அல்லது கூடை சுற்றி வரும். அறை வாடகைக்கும் தேநீருக்குமான தொகை அது. புதியவர்கள் எதுவும் போட வேண்டாம் என்றே பல குழுக்கள் சொல்லிவிடுகின்றன. குடித்துவிட்டு வந்திருந்தாலும் பொதுவாக வெளியேற்ற மாட்டார்கள். அமைதியாக உட்கார்ந்து கேட்க மட்டும் சொல்வார்கள்.

தெரிந்தவர் யாரையாவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சத்துக்கு எளிய விடை உண்டு: அவரும் அதே காரணத்துக்காகவே அங்கே வந்திருக்கிறார். அங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்ற நெறியை உறுப்பினர்கள் மிகுந்த கவனத்தோடு காக்கிறார்கள். எனினும் அது மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்கு. மருத்துவரிடமோ வழக்குரைஞரிடமோ பேசுவதற்குச் சட்டம் தரும் பாதுகாப்புக்கு அதை நிகராக எண்ணிவிடக்கூடாது. வழக்கு, வேலை, குழந்தைகளின் பராமரிப்பு போன்றவற்றைப் பாதிக்கக்கூடிய விவரங்களைப் பொது அறையில் அப்படியே கொட்டிவிட வேண்டியதில்லை. குடியைப் பற்றிய உண்மையை முழுமையாகப் பேசுவதற்கு அந்த விவரங்கள் அனைத்தும் தேவைப்படுவதும் இல்லை.

இவ்வளவு செய்வதால் பலன் உண்டா என்று கேட்பது நியாயமான கேள்வி. நெடுங்காலம் இதற்கு உறுதியான விடை இல்லை. கூட்டத்துக்குத் தொடர்ந்து போகிறவர்கள் குடிக்காமல் இருக்கிறார்கள் என்றால், ஏற்கெனவே மன உறுதி உள்ளவர்கள்தாம் தொடர்ந்து போகிறார்கள் என்று பொருளாகலாமே என்ற ஐயம் வலுவாக இருந்தது. 2020இல் ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மரிக்கா ஃபெர்ரி ஆகியோர் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்புக்காகச் செய்த திறனாய்வு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. முறைப்படி ஏ.ஏ.யில் சேர்த்துவிடும் சிகிச்சையைப் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினர் ஓராண்டுக்குப் பிறகு முழுமையாகக் குடிக்காமல் இருந்தார்கள்; அறிவுசார் நடத்தைச் சிகிச்சை போன்ற மற்ற முறைகளைப் பெற்றவர்களில் அது 35 விழுக்காடு. குடிக்கும் அளவைக் குறைப்பது போன்ற மற்ற அளவுகோல்களில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. இந்த எண்களை நேர்மையாகப் படிக்க வேண்டும். 42 என்பது பாதிக்கும் குறைவு. எந்த வழியில் போனாலும் முதல் முயற்சியிலேயே எல்லோருக்கும் வெற்றி கிடைப்பதில்லை என்பதும், கட்டணமே இல்லாத, ஊர்தோறும் நடக்கக்கூடிய ஒன்று தொழில்முறைச் சிகிச்சைக்கு ஈடாகவோ சற்று மேலாகவோ நிற்கிறது என்பதும் ஒருசேர உண்மை.

இந்தத் திறனாய்வில் ஒப்பிடப்பட்டது ஒரு மாலைக்கு வந்து போனவர்களை அன்று, குழுவோடு இணைக்கப்பட்டவர்களை. ருடால்ஃப் மூஸ், பெர்னிஸ் மூஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட 16 ஆண்டுக் கால ஆய்வும் இதையே சுட்டுகிறது: முதல் ஆண்டில் 27 வாரங்களோ அதற்கு மேலோ ஏ.ஏ.யில் பங்கேற்றவர்களின் நிலை, பங்கேற்காதவர்களின் நிலையைவிடப் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகும் மேலாக இருந்தது. கூட்டம் எந்த வழியாகச் செயல்படுகிறது என்று ஆராய்ந்தவர்கள் கண்ட முதன்மையான காரணங்களில் ஒன்று, ஒருவரைச் சுற்றியிருக்கும் மனிதர்கள் மாறுவது: குடிக்கும் நண்பர்கள் குறைந்து, குடிக்காத நண்பர்கள் கூடுகிறார்கள். இந்த மாற்றம் ஒரு நாளில் நடக்காது. எனவே ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு "எதுவும் நடக்கவில்லை" என்று சொல்பவர் சொல்வது உண்மைதான். நடப்பதற்கு இன்னும் நேரமே வரவில்லை. குறைந்தது ஆறு வெவ்வேறு கூட்டங்களையாவது பார்த்த பிறகு முடிவெடுங்கள் என்று சொல்லப்படுவது இதனால்தான். பழைய உறுப்பினர்கள் சொல்லும் 'தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம்' என்பது வேலையும் குழந்தைகளும் உள்ளவர்களுக்கு இயலாத ஒன்றாக இருக்கலாம். ஆனால் தொடக்க மாதங்களில் வாரம் ஒன்றைவிட மூன்று மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பார்த்த கூட்டங்களில் ஒன்றை மனம் ஏற்றுக்கொண்டதும், அதையே தம் குழுவாகக் கொண்டு வாரந்தோறும் போவதும், அங்கே சிறு வேலை ஒன்றை ஏற்பதும் நல்ல பலன் தரும். நாற்காலி அடுக்குவது, தேநீர் போடுவது, கதவைத் திறப்பது போன்ற வேலைகள் புதியவர்களுக்கே முதலில் தரப்படுகின்றன. வெட்கப்படுபவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. கையில் வேலை இருக்கும்போது பேச்சுத் தானாக வருகிறது, மழை நாளிலும் போக வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. அடுத்தது ஸ்பான்சர்: படிகளின் வழியே நடந்து முடித்த, சில காலமாகக் குடிக்காமல் இருக்கும் ஒரு மூத்த உறுப்பினர், புதியவருக்குத் தனிப்பட்ட துணையாக இருக்க ஒப்புக்கொள்கிறார். பேச்சைக் கேட்டுப் பிடித்துப்போன ஒருவரிடம் நேராகவே கேட்கலாம். அவர் மறுத்தால் அதற்கு அவருடைய நேரமின்மையே பெரும்பாலும் காரணம். நட்புக்கும் துணைக்கும் இடையே வேறு உறவு நுழைந்து குழப்பிவிடாமல் இருக்க, ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் ஸ்பான்சராக இருப்பது மரபு.

எல்லாக் குழுக்களும் நலமானவை என்று சொல்ல மாட்டேன். மேலிருந்து கண்காணிக்கும் அதிகாரம் ஏதும் இல்லாத அமைப்பு என்பதால், சில அறைகளில் ஓரிருவரின் ஆதிக்கம் ஓங்கிவிடுகிறது. மனச்சோர்வுக்கான மருந்தையோ, குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளையோ நிறுத்தச் சொல்பவர் எத்தனை ஆண்டுகள் குடிக்காமல் இருப்பவராக இருந்தாலும் அவர் சொல்லைக் கேட்கக்கூடாது. உறுப்பினர்கள் மருத்துவர் வேலை பார்க்கக்கூடாது என்று ஏ.ஏ.யின் சொந்த வெளியீடுகளே கூறுகின்றன. தொடக்க மாதங்களில் நொந்து நிற்கும் ஒருவரைக் காதலின் பெயரால் நெருங்குவதும், கடன் கேட்பதும், வீட்டு விவகாரங்களில் கட்டளையிடுவதும் அந்த அறையைவிட்டு வெளியேறுவதற்குப் போதுமான காரணங்கள். வெளியேறுவது அந்த அறையைவிட்டு மட்டும். அடுத்த தெருவில் நடக்கும் கூட்டம் வேறு மனிதர்களால் ஆனது.

குடும்பத்தினருக்குத் தனிக் குழுக்கள் இருப்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. பில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951இல் உருவாக்கிய அல்-அனான், குடிப்பவரை மாற்றுவதைப் பற்றி அன்று, குடிப்பவரோடு வாழ்ந்து களைத்துப்போனவரின் நலத்தைப் பற்றிப் பேசுகிறது. பதின்ம வயதினருக்கான அலட்டீன் 1957இல் தொடங்கியது. வீட்டிலுள்ளவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும், அவர் எந்தக் கூட்டத்துக்கும் வர மறுத்தாலும், மனைவியோ தாயோ மகனோ இந்தக் கூட்டங்களுக்குப் போகலாம். குடிப்பவரைக் கைப்பிடித்து இழுத்துப்போவதைவிட, வீட்டிலிருந்து ஒருவர் தமக்காகப் போகத் தொடங்குவது பல வீடுகளில் முதல் மாற்றமாக அமைகிறது.

கடைசியாக, சறுக்கல். சில வாரங்களோ மாதங்களோ குடிக்காமல் இருந்து மறுபடி குடித்துவிட்டவருக்குக் கூட்டத்துக்குத் திரும்புவது முதல்முறை போவதைவிடக் கடினம். முதல்முறை யாருக்கும் அவரைத் தெரியாது, இப்போது எல்லோருக்கும் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒருவரை மட்டும் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டால், அறைக்குள் நுழையும்போது அந்த ஒருவர் பக்கத்து நாற்காலியை ஒதுக்கி வைத்திருப்பார். ஏ.ஏ. உறுப்பினர் பட்டியலோ வருகைப் பதிவேடோ வைத்திருப்பதில்லை. யார் எத்தனை நாள் குடிக்காமல் இருந்தார் என்ற கணக்கு அவரவரிடம் மட்டுமே இருக்கிறது. எனவே திரும்பி வருபவர் யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை, விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. முறை வரும்போது பெயரைச் சொல்லி, இன்று முதல் நாள் என்று சொன்னால் போதும். வந்தவரை வரவேற்கும் அந்த அறையில், அதே எண்ணிக்கையை ஒருமுறைக்கு மேல் சொல்ல நேர்ந்தவர்கள் அவரைச் சுற்றிப் பலர் உட்கார்ந்திருப்பார்கள்.